ஐம்பதுக்கு மேல் மலேசியாவில் தங்கி ஆன்லைன் வேலை: டிஇ ரந்தாவ் பாஸ் எடுக்க ஒரு வழிகாட்டி

"இந்த வயசுல விசா தருவாங்களா?" ஐம்பது தாண்டியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மலேசியாவின் டிஇ ரந்தாவ் பாஸுக்கு 18 வயது நிரம்பியிருந்தால் போதும், உச்ச வரம்பு கிடையாது. இந்த வயதுக்காரர்களின் விண்ணப்பம் சிக்குவது வேறு இடங்களில். ஒப்பந்தத்தில் விட்டுப்போன ஒரு தேதி, வங்கிக் கணக்கில் இருக்கும் ஒரு இனிஷியல், 1990களில் கல்யாண மண்டபத்தோடு முடிந்து பதிவே ஆகாத திருமணம் போன்றவைதான் காரணம்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆன்லைனில் வேலை செய்துகொண்டே மலேசியாவில் 3 முதல் 12 மாதம் வரை தங்க இந்தப் பாஸ் அனுமதிக்கிறது. பிறகு இன்னொரு 12 மாதம் வரை நீட்டிக்கலாம். நிரந்தரக் குடியுரிமைக்கு இது வழியல்ல. எம்டெக் எனப்படும் மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் 2022 அக்டோபர் முதல் இதை வழங்கி வருகிறது. தமிழ் பேசிக் காய்கறி வாங்கலாம், திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது என்பதால் நம்மவர்களுக்கு இது தோதான இடம். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டிலிருந்து, இந்தியப் பாஸ்போர்ட்டில் கிளம்புகிறவர்களுக்கானது. கட்டணமும் நிபந்தனையும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் அன்று எம்டெக் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. நீங்கள் எந்தப் பிரிவு?

மற்ற எதற்கும் முன் இதை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் வருமான வரம்பு இரண்டு விதம். மென்பொருள், கிளவுட், சைபர் பாதுகாப்பு, வலை வடிவமைப்பு, டிஜிட்டல் மார்க்கெட்டிங், டிஜிட்டல் உள்ளடக்கம் போன்ற துறைகளில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேல் வருமானம் வேண்டும். கணக்கியல், சட்டம், நிர்வாகம் போன்ற மற்ற துறைகளுக்கு 2024இல் கதவு திறந்தது, ஆனால் அங்கே வரம்பு 60,000 டாலர். ரூபாயில் முதலாவது 20 லட்சத்துக்குச் சற்று மேல், இரண்டாவது 50 லட்சத்துக்கு மேல். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஆடிட்டர் இரண்டாவது பிரிவில் விழுவார். நேற்று சேர்ந்த வலை வடிவமைப்பாளர் முதல் பிரிவில் நுழைந்துவிடுவார். நியாயமா என்று கேட்காதீர்கள், விதி அப்படித்தான்.

இரண்டு பிரிவுக்கும் நடுவே இருக்கும் வேலை என்றால், பதவிப் பெயரும் வேலை விவரமும் ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதுதான் எடுபடும். நிறுவனத்தின் கணக்குகளை மென்பொருளில் ஏற்றி, தரவு ஒழுங்குபடுத்தி, அறிக்கைப் பலகை (டாஷ்போர்டு) அமைக்கிறவருக்கு "ஆலோசகர்" என்று ஒற்றைச் சொல்லில் கடிதம் கொடுத்தால் பயனில்லை. செய்யும் வேலையை உள்ளபடி நாலு வரியில் எழுதி வாங்குங்கள். செய்யாததைச் சேர்க்க வேண்டாம். சுயவிவரமும் லிங்க்ட்இன் பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

பென்ஷன், வீட்டு வாடகை, வைப்புத்தொகை வட்டி ஆகியவற்றைத் தகுதி வருமானத்தில் கூட்டிக்கொள்ளாதீர்கள். வேலை செய்து வரும் பணம்தான் கணக்கு. சம்பளம் ரூபாயில் வருகிறதென்றால் வரம்புக்கு மேல் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது ரூபாய் சரிந்தால் வரம்புக்குக் கீழே போய்விடுவீர்கள்.

2. வேலை முதலில், பயணம் பிறகு

"போய் இறங்கி அங்கே தேடிக்கலாம்" என்பது இந்தப் பாஸில் நடக்காது. விண்ணப்பிக்கும்போதே வேலை கையில் இருக்க வேண்டும். இந்தப் பாஸை வைத்துக்கொண்டு மலேசிய நிறுவனத்தில் வேலைக்குச் சேரவும் முடியாது. இந்தியர்களுக்கு இருக்கும் 30 நாள் விசா இல்லா நுழைவு சுற்றிப்பார்க்க மட்டுமே. "விசிட்ல போங்க, அங்க எல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டை அந்த இடத்திலேயே தவிர்த்துவிடுங்கள். இந்த விண்ணப்பத்துக்கு ஏஜென்ட்டே தேவையில்லை.

ஐம்பதுக்கு மேல் முதல் ஆன்லைன் ஒப்பந்தம் கிடைக்க அதிக வாய்ப்புள்ள இடம் வேலைத் தளங்கள் அல்ல, நீங்கள் வேலை பார்த்த பழைய நிறுவனமும் அதன் வாடிக்கையாளர்களும்தான். உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்களுக்கு உங்கள் வயது ஒரு பொருட்டே இல்லை. பத்துப் பேரை எழுதிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஐந்து வரியில் கடிதம் அனுப்புங்கள்: என்ன செய்து தருவீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி, எந்த நேரத்தில் கிடைப்பீர்கள், மாதம் எவ்வளவு. பணி ஓய்வுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தால் இப்போதே 12 மாத ஆலோசகர் ஒப்பந்தம் பற்றிப் பேச்செடுங்கள். ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்துக் கேட்பதைவிட அது எளிது.

அப்வொர்க், லிங்க்ட்இன் போன்ற வேலைத் தளங்கள் வழியாகத் தேடினால் சுயவிவரம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கடைசி 10 முதல் 15 ஆண்டு போதும். பட்டம் பெற்ற ஆண்டு தேவையில்லை. "30 ஆண்டு அனுபவம்" என்று தொடங்குவதைவிட, கடைசி மூன்று ஆண்டில் கையாண்ட மென்பொருள்களின் பெயர்களை மேலே வையுங்கள். ஆள் எடுப்பவருக்கு இருக்கும் சந்தேகம் இவருக்குப் புதிய கருவிகள் தெரியுமா என்பதுதான். அதைத் தீர்க்க ஒரு சின்ன மாதிரி வேலையின் இணைப்பைக் கொடுத்தால் போதும். முன்பணம், பயிற்சிக் கட்டணம், "சாஃப்ட்வேர் டெபாசிட்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடி.

நேர வித்தியாசத்தையும் பாருங்கள். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இந்திய நிறுவனத்தின் 10 முதல் 6 வரை என்பது அங்கே பகல் 12.30 முதல் இரவு 8.30. லண்டன் என்றால் குளிர்காலத்தில் மாலை 5 முதல் நள்ளிரவு 1 வரை. நியூயார்க் என்றால் இரவு 10 முதல் காலை 6 வரை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் நியூயார்க் நேரத்தில் ஒரு வருடம் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் இந்தியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா நேரத்தில் வேலை தருபவர்களைத் தேர்ந்தெடுங்கள்.

3. ஆவணங்கள்: பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம்

ஒப்பந்தக் கடிதம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பதவி, தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாதத் தொகை, மலேசியாவிலிருந்து வேலை செய்ய ஆட்சேபமில்லை என்ற ஒரு வரி, கையெழுத்திட்டவரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கட்டும். தனியாள் ஒப்பந்ததாரர் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஓடக்கூடிய ஒப்பந்தம் தேவை. 12 மாதப் பாஸ் வேண்டுமானால் 12 மாத ஒப்பந்தமாகவே வாங்குங்கள்.

வருமானச் சான்று. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் அதே மாதங்களின் வங்கி அறிக்கையும் வேண்டும். தனியாளாக வேலை செய்பவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். உதாரணமாக, ஜூன் இன்வாய்ஸ் 2,200 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் கமிஷன், பரிமாற்றக் கட்டணம், மாற்று விகிதம் எல்லாம் போக ஜூலை 4ஆம் தேதி வங்கியில் விழுவது வேறு தொகை, அனுப்பியவர் பெயரும் வேறு. பார்க்கும் அதிகாரிக்கு இரண்டும் ஒரே பணம் என்று தெரியாது. எனவே ஒரு பக்கத்தில் அட்டவணை போடுங்கள்: இன்வாய்ஸ் எண், தொகை, பிடித்தம், வரவான தேதி, வங்கி அறிக்கையில் எந்தப் பக்கம் எந்த வரி. வங்கி அறிக்கையில் அந்த வரிகளை மஞ்சளில் குறியுங்கள். அரை மணி நேர வேலைதான். கூடுதல் விளக்கம் கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தால் போவது வாரக்கணக்கு.

பெயர். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு தனி. பாஸ்போர்ட்டில் "முருகேசன்" பெயர், "சுப்பையா" குடும்பப்பெயர். வங்கியில் "எஸ். முருகேசன்". ஆதாரில் "முருகேசன் எஸ்". ஒப்பந்தத்தில் "முருகேஷ்". நான்கும் நான்கு ஆட்களாகத் தெரியும். ஒப்பந்தத்தையும் வங்கிப் பெயரையும் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம், வங்கிக் கிளையில் கடிதம் கொடுத்தால் செய்துவிடுவார்கள். நேரமில்லை என்றால் எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை இணையுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பவர்கள் விண்ணப்பத்திலும் விமான டிக்கெட்டிலும் பெயரை ஒரே மாதிரி நிரப்ப வேண்டும்.

பாஸ்போர்ட். 12 மாதம் தங்கப் போகிறவர்களுக்குக் குறைந்தது 18 மாதம் செல்லுபடி இருப்பது பாதுகாப்பு. இல்லையென்றால் முதலில் புதுப்பியுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. புதுப்பிக்கும்போதே கணவர் அல்லது மனைவி பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

திருமணச் சான்று. துணையை அழைத்துப்போகிறவர்களுக்கு இது கட்டாயம். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009 நவம்பர் 24 முதல். அதற்கு முன் நடந்தவற்றில் பல பதிவாகவே இல்லை. பத்திரிகையும் ஆல்பமும் இங்கே சான்றாகாது. இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த பழைய திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். இருவரின் வயது, முகவரிச் சான்றுகள், திருமணப் பத்திரிகை, புகைப்படம், சாட்சிகள் தேவைப்படும். சான்று தமிழில் வந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பை நோட்டரி கையொப்பத்தோடு வையுங்கள். முழு வரிசையில் மற்ற எதையும்விட இதை முதலில் தொடங்குங்கள், ஒரு மாதம்கூட இழுக்கலாம்.

நன்னடத்தைச் சான்று. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டினால் காவல்துறைச் சான்று, அதாவது பிசிசி, கிடைக்கும். பாஸ்போர்ட்டில் பழைய முகவரி இருந்தால் விசாரணை அந்த ஊருக்குப் போய் நிற்கும். இப்போதைய முகவரியிலேயே விண்ணப்பியுங்கள். பழைய சான்றை ஏற்கத் தயங்குவார்கள், ஆகவே ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு எடுப்பது நல்லது.

4. விண்ணப்பம், கட்டணம், காலம்

எல்லாம் எம்டெக் தளத்தில்தான். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், காலிப் பக்கம் உட்பட, ஒரே பிடிஎஃப் கோப்பாக ஏற்றுங்கள். மொபைலில் எடுத்த நிழல் விழுந்த படம் வேண்டாம், ஸ்கேன் செய்த பிரதி வையுங்கள்.

கட்டணம் உங்களுக்கு 1,000 ரிங்கிட், உடன் வருபவர் ஒருவருக்கு 500 ரிங்கிட், அதற்கு மேல் சேவை வரி. ஒரு ரிங்கிட்டை 20 ரூபாய்க்குச் சற்று மேல் கணக்கிட்டால் தம்பதிக்கு ஏறக்குறைய 35,000 ரூபாய் எடுத்துவையுங்கள். நிராகரித்தாலும் பணம் திரும்பாது. முடிவு வர இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வந்தால் லாபம். ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் திரும்பப் பெற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள், வீட்டையும் வாடகைக்கு விடாதீர்கள். ஒப்புதலோடு வேலை முடியாது, பாஸைப் பெறும் கடைசிக் கட்டத்துக்குக் கடிதத்தில் சொல்லியிருக்கும் கெடுவைத் தவறவிடாதீர்கள். உடன் வரும் துணை அங்கே உள்ளூர் வேலைக்குப் போக முடியாது.

பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் போலி.

5. கிளம்பும் தேதியை வரிக் கணக்கு பார்த்து வையுங்கள்

இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் இரண்டு நாட்டு வரியும் இதில்தான் தொங்குகிறது.

இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வேலைக்காக வெளிநாடு செல்லும் குடிமகன் அந்த ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படுவார். அதாவது செப்டம்பர் 28க்குள் கிளம்பி, அந்த நிதியாண்டில் திரும்பாமல் இருந்தால் கணக்கு சரி. மலேசியாவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அங்கே 182 நாள் தங்கினால் வரிக் கணக்கில் அந்த நாட்டில் வசிப்பவர், படிநிலை விகிதம் கிடைக்கும். தங்காவிட்டால் அங்கே ஈட்டியதாகக் கருதப்படும் வருமானத்துக்கு ஒரே வீதமாக 30 சதவீதம். ஜூலை 3க்குள் போய் இறங்கித் தொடர்ந்து இருந்தால் அதே ஆண்டில் 182 நாள் ஆகிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிளம்ப நல்ல காலம் ஏப்ரல் தொடக்கம் முதல் ஜூலை 3க்குள். பிறகு போனாலும், அடுத்த ஆண்டு வரை தொடர்ந்து தங்குபவர்களுக்கு இரண்டு ஆண்டுகளை இணைத்துப் பார்க்கும் விதி இருக்கிறது. அதற்கு நாட்கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

"வெளிநாட்டு வருமானத்துக்கு மலேசியாவில் வரி இல்லை" என்று பரவலாகச் சொல்கிறார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்த்துச் சொல்வது அது. மலேசிய மண்ணில் உட்கார்ந்து செய்த வேலையின் ஊதியம் மலேசியாவில் ஈட்டியதாகவே கருதப்படலாம். இந்தியா மலேசியா இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் இரண்டு இடத்திலும் முழுசாகக் கட்ட வேண்டியிருக்காது, ஆனால் படிவம் தாக்கல் செய்தால்தான் அந்தச் சலுகை. கிளம்பும் முன் ஒரு ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். தொழில்முறையாளர்கள் பாதி வருமானத்தை மட்டும் லாபமாகக் காட்டும் வசதி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. அடுத்தது, வெளிநாட்டில் வசிப்பவராக ஆன பிறகும் ஊதியம் நேராக இந்தியக் கணக்கில் விழுந்தால், இந்தியாவில் பெற்ற வருமானம் என்று வரி கேட்கலாம்.

6. வங்கி, பென்ஷன், சிம்

வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பினால் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு என்ஆர்இ கணக்கு. அறுபது தாண்டியவர்களுக்கு இதில் வலிக்கும் சங்கதிகள் உண்டு. மூத்த குடிமக்களுக்கான உறுதிமொழிப் படிவம் கொடுத்து வட்டியில் வரிப் பிடித்தம் தவிர்க்க முடியாது. பெரும்பாலான வங்கிகளில் மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டியும் கிடையாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதுக்கணக்கு தொடங்க முடியாது. ஆகவே வைப்புத்தொகைகளின் முதிர்வுத் தேதிகளைக் கிளம்பும் முன்பே பாருங்கள்.

பென்ஷன் வாங்குபவர்கள் ஆயுள் சான்றை மறக்க வேண்டாம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டிப் பதியும் முறையை ஊரிலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

சிம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் வங்கி, ஆதார், வருமான வரி எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. ஊரிலிருக்கும்போதே சர்வதேச ரோமிங்கை இயக்குங்கள், ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். ரோமிங் இல்லாமல் போய் இறங்கினால் அதை இயக்கவே ஓடிபி கேட்கும் கூத்து நடக்கும். இரண்டு சிம் போடும் மொபைலாகக் கொண்டுபோங்கள். டெபிட் கார்டிலும் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாக மூடியே இருக்கும், செயலியில் திறந்துவையுங்கள். மலேசிய வங்கியில் கணக்குத் தொடங்கக் கிளைக்குக் கிளை ஒரு பதில் வரும். முதல் மாதச் செலவை அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

7. மருந்தும் காப்பீடும்

இந்திய மருத்துவக் காப்பீட்டை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் வெளிநாட்டில் உதவாது என்பது உண்மைதான். ஆனால் பாலிசி அறுந்தால், சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரையிலான காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஐம்பத்தெட்டு வயதில் புது பாலிசி கிடைப்பதே கஷ்டம். மலேசியாவில் தங்கும் காலத்துக்குத் தனியாக ஒன்று எடுங்கள். அதில் முன்பே உள்ள நோய்கள் சேர்ந்திருக்கின்றனவா, ஒரே பயணத்தில் எத்தனை நாள் வரை என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். பயணக் காப்பீடுகள் பல 180 நாளோடு நின்றுவிடும்.

மாத்திரைகளை ஸ்ட்ரிப்பிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு எடுத்துப்போங்கள். சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் என்று மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும். அங்கே கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் கிடைக்கும். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டாம், தவிர்க்கவே முடியாதென்றால் மருத்துவர் கடிதம் அவசியம். மலேசியாவின் போதைப்பொருள் சட்டம் விளையாட்டு அல்ல.

8. வீடும் மேசையும்

இணையத்தில் படம் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். முதல் பத்து நாளுக்கு ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு நேரில் பாருங்கள். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் வசதிக்கும் இட்லிக் கடைக்கும் தோது, ஆனால் இரைச்சல். ஈப்போவில் வாடகை மலிவு. பினாங்கு இரண்டுக்கும் நடுவில்.

வழக்கமான முன்பணம்: இரண்டு மாத வாடகை பாதுகாப்புத் தொகை, அரை மாதம் மின்சாரம் தண்ணீருக்கு, அதோடு முதல் மாத வாடகை. 2,000 ரிங்கிட் வீட்டுக்குச் சாவி வாங்கும் அன்று 7,000 ரிங்கிட் தேவை, நம் பணத்தில் ஒன்றரை லட்சம் அளவு. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டப்பட்டதா என்று பாருங்கள். பாஸ் நீட்டிக்கப்படாவிட்டால் முன்பணம் இழக்காமல் வெளியேறலாம் என்ற வரியைக் கேட்டு எழுதி வாங்குங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள்.

வீட்டை உங்கள் வேலை நேரத்தில் போய்ப் பாருங்கள். மாலை 7 மணிக்கு மொபைலில் வேகம் அளந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் வீடியோ அழைப்பு பேசுங்கள். ஃபைபர் இணைப்புகள் பலவும் 24 மாத ஒப்பந்தம் கேட்கும், உங்கள் பாஸோ 12 மாதம். இணையத்தோடு சேர்த்து வாடகைக்கு வரும் வீடு கிடைத்தால் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும். நம்மூர் உருண்டை முனை பிளக் அங்கே செருகாது, பட்டை முனை மூன்று கொண்டது வேண்டும். அடாப்டரில் தொங்கவிடாமல், அங்கேயே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிவிடுங்கள்.

9. நீட்டிப்பு

பாஸ் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். அதற்குள் புதிய ஒப்பந்தமோ, பழையதின் நீட்டிப்புக் கடிதமோ கையில் இருக்க வேண்டும். வருமானச் சான்றை மறுபடியும் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், ஆறாவது மாதத்திலிருந்தே ஒவ்வொரு மாதமும் இன்வாய்ஸையும் வங்கி வரவையும் அந்தப் பழைய அட்டவணையில் ஏற்றிவாருங்கள்.